நெஞ்சோடு வைத்த ரொட்டி

ஜெர்மனியில், எசனில் பனி விழுகிறது என்று சொல்ல முடியாது. விழப் பார்க்கிறது. ட்ராமின் முன்கண்ணாடியைத் தொட்டு, யோசித்து, தண்ணீராகித் துடைப்பானுக்குள் போய்விடுகிறது. அந்த ஊரில் ட்ராம் ஓட்டுகிற எனக்குப் பனி என்றால் தண்டவாளத்தில் போடுகிற மணல். பிந்தி வந்ததற்குச் சொல்லக்கூடிய ஒரு காரணம். அவ்வளவுதான். பனிக்குள் அடுக்குகள் இருக்கின்றன என்றும், ஒவ்வோர் அடுக்கும் தான் விழுந்த நாளின் காற்றையும் வெயிலையும் வசந்தம் வரைக்கும் மறக்காமல் வைத்திருக்கும் என்றும், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு அடுக்குகளின் மேல் ஒருவர் கால் வைத்தால் மலையின் ஒரு பக்கமே உரிந்து கீழே வரும் என்றும் எனக்குச் சொன்னவள் என் மகள்.

தெற்கே படிக்கப் போன எர்லாங்கனிலேயே வேலையும் எடுத்துத் தங்கிவிட்டாள். சைக்கிளில் வேலைக்குப் போகிற ஊர். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு குளிர்காலத்தில் அவளை மலைக்குக் கூட்டிப் போனார்கள், பிறகு அவள் இறங்கி வரவே இல்லை என்றுதான் மனைவி சொல்வாள். லிஃப்ட் இருக்கிற மலைகள் அவளுக்கு வேண்டாம். ஸ்கீ பலகைகளின் அடியில் வழுக்காத தோலை ஒட்டிக்கொண்டு, யாரும் செப்பனிடாத சரிவில் மணிக்கணக்காக ஏறி, மேலே தோலை உரித்துவிட்டு, கன்னிப் பனியில் சறுக்கி வருவாள். நான் குளிர்காலம் முழுக்க, ட்ராம் கடைசித் தரிப்பில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், கைபேசியில், ஆபத்தை நிறத்தால் சொல்கிற பனிச்சரிவு அறிக்கையைத் திறந்து வைத்திருப்பேன். மஞ்சள் என்றால் தேநீர் குடிப்பேன். செம்மஞ்சள் என்றால் தேநீர் ஆறிப்போகும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மலையேறிகள் சங்கத்தில் குழுத் தலைவிக்கான பயிற்சியை முடிக்கிற கட்டத்தில் இருந்தாள். எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: ஒரு குழுவைத் தானே நடத்தி மலைக்குக் கூட்டிப் போக வேண்டும், பயிற்சியாளர் பின்னால் வந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதில் சரிவந்தால் அடுத்த குளிர்காலத்திலிருந்து ஆட்களை அவளை நம்பி அனுப்புவார்கள்.

“அப்பா, அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு லீவு எடுக்க ஏலுமே?”

“ஏன் பிள்ளை?”

“குழுவிலை ஒரு மெதுவான ஆளும் இருக்க வேணுமாம். எல்லாரும் ஓடுற ஆக்களெண்டால் அது சோதனை இல்லையாம்.”

“உடனை உனக்கு என்ரை ஞாபகம் வந்திட்டுது.”

“உங்களைவிட மெதுவாய் எனக்கு ஆரைத் தெரியும்?”

சில குளிர்காலங்களாக அவளே என்னைப் பழக்கியிருந்தாள். ஏறுவேன். ஏறுவதற்கு மூச்சும் பிடிவாதமும் போதும். இறங்குவது வேறு கதை. நான் சறுக்குகிறவன் அல்லன், விழுகிறவன், இடையிடையே எழும்பி நிற்கிறவன். என்றாலும் அவள் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுடைய சோதனையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது: மெதுவாக இருப்பது.

வெள்ளிக்கிழமை எசன் ஸ்டேஷனுக்குப் புறப்படுகிற நேரத்தில் மனைவி ஒரு பொட்டலத்தைக் கையில் தந்தாள். ரொட்டியும், மாசியும் மிளகாயும் இடித்த கட்டைச் சம்பலும், அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி.

“அங்கை பாணும் சீஸும் கடிச்சுக்கொண்டு மலை ஏறுவினம். உங்களுக்கு அது காணாது. களைச்சால் பிள்ளைக்குத்தான் அவமானம்.”

வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே எங்கே ஒளிப்பது என்று யோசித்தேன்.

காரணம் இருக்கிறது. மகள் சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து பாணும் சீஸும் போனது. வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நான் எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இவளுடைய ஆட்களுக்கு முன்னால் நம்முடைய பெட்டியைத் திறக்கக் கூடாது. அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்காத ஒன்றைத்தான் இத்தனை வருடங்களாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள், தெற்கு ஜெர்மனியின் அல்கோய் மலைகளின் அடியில், கார்கள் நிறுத்துகிற இடத்தில், விடிகிற நேரம். முதுகுப்பையில் ரொட்டியை வைத்தால் இரும்பாகிவிடும். மேலும், பையைத் திறக்கிறபோதெல்லாம் சம்பல் வாசம் முதலில் வெளியே வந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லும். காருக்குப் பின்னால் போய், பொட்டலத்தை ஜக்கெற்றின் உள்பைக்குள், நெஞ்சோடு வைத்து இழுத்துப் பூட்டினேன். ஆறிப்போயிருந்தது, கொஞ்சத்தில் என் உடம்பிலிருந்து சின்ன ஒரு சூட்டை வாங்கிக்கொண்டது. வீட்டின் சூடு.

அந்தப் பைக்கு நேர் பின்னால், நெஞ்சில் வார்ப்பட்டியால் கட்டிய கருவி ஒன்று இருந்தது. பீப்ஸர் என்பார்கள். மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒன்று கட்டியிருப்பார்கள். அது இடைவிடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும்; பனி ஒருவரை மூடிவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடுகிற நிலைக்கு மாற்றி, அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு போய்த் தோண்டுவார்கள். கைபேசி, காந்தப் பூட்டு, அலுமினியத் தாள் — இவை எதையும் அதற்குக் கிட்ட வைக்கக் கூடாது. சமிக்ஞை மங்கும். மகள் எனக்கு இதை முன்பே சொல்லியிருந்தாள். கைபேசியை நான் ஞாபகமாக நிறுத்தியிருந்தேன். தாள் என்று அவள் சொன்னபோது நான் சொக்கலேற் தாளை நினைத்தேன், ரொட்டியை நினைக்கவில்லை. இப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். முழுக்க உண்மையில்லை. பையைப் பூட்டுகிற கணத்தில் ஒரு நினைவு வந்து போனது. நான் அதைப் போகவிட்டேன்.

மகள் காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து ஜெர்மனில் பேசினாள். மர எல்லைக்கு மேலே ஆபத்து மூன்றாம் நிலை. ஐந்தில் மூன்று என்றதும் பாதி என்று நினைக்க வேண்டாம், ஆட்கள் அதிகம் சாவது இந்த நிலையில்தான். இரண்டு நாளாகக் காற்று மேற்கிலிருந்து அடித்திருக்கிறது. கிழக்கு பார்த்த பள்ளங்களில் பனியைக் கொண்டுபோய்ப் பலகைபோல அடுக்கியிருக்கிறது. அதற்குக் கீழே டிசம்பரில் விழுந்த பழைய பனி, ஒட்டாமல், சீனி மாதிரி. “என்ன தெரிந்தாலும் சொல்லுங்கள். யாருக்குச் சரியில்லை என்று பட்டாலும் சொல்லுங்கள், திரும்பலாம்.” குரலில் தடுமாற்றமில்லை. இவள்தானா மழைக்குள் ட்ராமுக்குக் காத்து நிற்க மாட்டேன் என்று அழுதவள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பயிற்சியாளர் என் வயதுப் பெண். சப்பாத்துக் கொளுவிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு பீப்ஸர் பரிசோதனை. மகள் தன் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொருவராக அவளைக் கடந்து நடக்க வேண்டும். கடக்கும்போது கருவி கீச்சிட்டால் சரி. முதல் ஆள் கீச்சிட்டார். இரண்டாமவர், தாடிக்காரர், மலையைத் தன் வீட்டு முற்றம் போலப் பார்க்கிறவர், அவரும் கீச்சிட்டார். நான் கடந்தேன். கருவி யோசித்தது.

“இன்னொரு முறை,” என்று ஜெர்மனில் சொன்னாள். மறுபடி நடந்தேன். மெல்லிசாக ஒரு சத்தம் வந்து, நின்றது.

“கைபேசி?”

“நிறுத்திவிட்டேன்.”

கிட்ட வந்தாள். மற்றவர்கள் காத்து நின்றார்கள். குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினாள். “அப்பா, உள்ளுக்கை வேறை ஏதும் வச்சிருக்கிறியளே?”

அவளுடைய முகம் எனக்கு மிகக் கிட்ட இருந்தது. பயிற்சியாளர் தலையை நிமிர்த்திப் பார்த்ததும் தெரிந்தது. இந்த இடத்தில் ஜக்கெற்றைத் திறந்து, பொட்டலத்தை வெளியே எடுத்து, அது என்ன என்று எல்லோரும் கேட்க, அவள் விளக்க... அவளுடைய நாளில், அவளுடைய ஆட்களுக்கு முன்னால்.

“இல்லைப் பிள்ளை. ஒண்டுமில்லை.”

அவள் ஒரு கணம் என் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள். “சரி, இன்னும் கிட்டவாய் வாங்கோ,” என்றாள். உரசுகிற அளவுக்குக் கிட்டப் போனதும் கருவி கீச்சிட்டது. தலையாட்டினாள். நாங்கள் ஏறத் தொடங்கினோம்.

ஒவ்வொரு காலையிலும் ட்ராமைச் சுற்றி நடந்து, கதவு ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் நான் டிப்போவை விட்டு வெளியே எடுப்பேன். ஒரு கதவு மூடத் தயங்கினாலும் எடுக்க மாட்டேன். அதைப் பற்றி மற்ற ஓட்டுநர்களுக்குச் சொற்பொழிவே ஆற்றுகிறவன் நான்.

ஏறினோம். காடு முடிந்தது. பலகைகள் பனியை வகுந்துகொண்டு போகிற சத்தம், முன்னால் மகளின் சிவப்பு முதுகுப்பை, என் மூச்சு. எனக்காகவே நடையைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமலே என் தூரத்தை அறிந்து வைத்திருந்தாள். சிகரம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவே கிழக்கு பார்த்த ஒரு பள்ளம், சோறு அள்ளுகிற அகப்பை போல, தழும்பில்லாமல், வெள்ளையாக. அதன் விளிம்பில் அவள் காலை வைத்ததும் கேட்டது.

வும்.

கட்டிலுக்கு அடியில் பெரிய மிருகம் ஒன்று திரும்பிப் படுத்தது போல. கால் கொஞ்சம் தாழ்ந்தது. அவளுடைய பலகையின் நுனியிலிருந்து பனியில் ஒரு வெடிப்பு கோடாக ஓடியது. அடியில் இருக்கிற அடுக்கு உட்காருகிற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்ட இடத்தில் மேலே போகிறவர்கள் முட்டாள்கள் என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

“இங்கேயிருந்து திரும்புகிறோம். ஒவ்வொருவராக, வந்த தடத்திலேயே.”

தாடிக்காரர் சிரித்தார். “அந்தா இருக்கிறது உச்சி. ஓரத்தால் போனால் பத்து நிமிடம்.”

“தெரியும். திரும்புகிறோம்.”

“போன வாரம் இதே பள்ளத்தில் எத்தனை தடம் இருந்தது தெரியுமா?”

“போன வாரப் பனியில் நீ போன வாரம் போயிருக்கலாம்,” என்றாள் மகள். அவர் மறுபடி சிரித்தார், இந்தத் தடவை வேறு மாதிரி, பிறகு பலகையைத் திருப்பினார். பயிற்சியாளர் முகத்தில் ஒரு தளர்வு வந்ததை நான் பார்த்தேன். முடிந்தது, என் பிள்ளை வென்றுவிட்டாள் என்று நினைத்தேன். அந்த வெடிப்பு உரிந்து எங்களை மூடியிருந்தால், எல்லோரையும் தேடிவிட்டு என்னைத் தேட வந்தவர்களுக்குக் கருவி என்ன சொல்லியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கிட்ட வந்து உரசினால்தான் கேட்கிற ஆள் நான். அவர்களும் என்னைத் தேடிக்கொண்டு, மேலே தொங்குகிற மிச்சப் பனிக்குக் கீழேயே நின்றிருப்பார்கள். இவள் உட்பட.

மரங்களுக்குள் பத்திரமான ஒரு மேட்டில் ஓய்வுக்கு நின்றோம். மகள் தாடிக்காரருடைய கொளுவி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எல்லோரையும் விட்டுத் தள்ளி, சரிந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். ரொட்டியை மெதுவாகத் தின்று முடித்துவிடலாம் என்ற எண்ணம். பயிற்சியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையைக் கிண்டினார். ஒரு வாழைப்பழம் எடுத்தார், பனியில் கறுத்துப்போனது. அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

பக்கத்தில் ஒருவர் பசியோடு இருக்க, நெஞ்சுக்குள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பது? அந்த நேரத்தில் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. கை தானாகவே ஜக்கெற்றைத் திறந்தது. பொட்டலத்தை எடுத்து விரித்து, ஒரு ரொட்டியை மடித்து, சம்பலைக் கொஞ்சம் வைத்து நீட்டினேன். “உறைக்கும்,” என்றேன்.

வாங்கிக் கடித்தார். கண் கலங்கியது. சிரித்தார். “இது இன்னும் சூடாக இருக்கிறதே.”

“நெஞ்சோடு வைத்திருந்தேன்,” என்றேன், பெருமையாக.

சொல்லி முடிக்கிறபோதே அவர் கண் என் கையிலிருந்த தாளுக்குப் போனது. அங்கிருந்து திறந்து கிடந்த ஜக்கெற்றுக்கு. அங்கிருந்து நெஞ்சின் வார்ப்பட்டிக்கு. மெல்லுவதை நிறுத்தவில்லை. கடைசித் துண்டு வரை தின்றார், நல்ல ருசி என்றார், என் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பின்னேரம் கீழே ஒரு சாப்பாட்டுக் கடையில் மற்றவர்கள் போன பிறகு நாங்கள் மூன்று பேர். பயிற்சியாளர் என்னையும் இருக்கச் சொன்னார்.

“பனியை நன்றாக வாசித்தாய். திரும்பியது சரி. தாடிக்காரரின் வாயை நீ மூடிய விதமும் சரி.” மகளுடைய முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பார்த்திருக்கக் கூடாது. “ஆனால் காலையில்.” மடித்த தாளை மேசையில் வைத்தார். “இது உன் அப்பாவின் பீப்ஸருக்கு மேலே இருந்தது. சமிக்ஞை மங்கலாக இருந்தது உனக்குத் தெரியும். வேறு யாராவது என்றால் என்ன செய்திருப்பாய்?”

மகள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. “ஜக்கெற்றைத் திறக்கச் சொல்லியிருப்பேன்.”

“இவரிடம் ஏன் சொல்லவில்லை?”

தாளின் மடிப்பை நகத்தால் நீவினாள். பிறகு, “அவர் என் அப்பா,” என்றாள். அதற்கு மேல் அதற்கு ஜெர்மனில் விளக்கம் இல்லை. தமிழில் விளக்கம் தேவையில்லை.

“அவள் கேட்டாள். நான் பொய் சொன்னேன்,” என்றேன். “பிழை என்னுடையது.”

“எல்லோரும் பொய் சொல்வார்கள்,” என்றார் பயிற்சியாளர், கோபமே இல்லாமல். “ஒருவர் முழங்காலைப் பற்றிச் சொல்வார். ஒருவர் பயத்தைப் பற்றி. நேற்றுக் குடித்ததைப் பற்றி. அதனால்தான் திறந்து பார்க்கிறோம்.” மகளிடம் திரும்பினார். “இன்னொரு தடவை நடத்திக் காட்டு. இன்று போதாது.”

திரும்புகிற வழியில் கார் நெடுஞ்சாலை ஏறியது. அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள். காரின் ஒலிபெருக்கியில் அவள் குரல் நிறைந்தது. “என்ன, ரொட்டி சாப்பிட்டியளே?”

மகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்றும் சொல்லலாம். “ஓம் அம்மா, சாப்பிட்டாச்சு. எல்லாரும் சாப்பிட்டாச்சு,” என்று சொல்லித் துண்டித்தாள்.

“ஒரு ரொட்டிக்காகவே அப்பா?”

“நீதானே அந்த நாளையிலை பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தனி...”

“எனக்கு அப்ப எட்டு வயசு!” ஸ்டியரிங்கை ஒரு அடி அடித்தாள். “போன மாதம் ஒஃபீசுக்குப் புட்டுக் கொண்டுபோனன். சண்டை பிடிச்சுத் திண்டவை. ஆரிட்டைக் கேட்டு நீங்கள் எனக்காக வெக்கப்பட்டுக்கொண்டிருக்கிறியள்?”

அவளுக்கென்று நான் சுமந்துகொண்டு திரிந்த வெட்கம் அவளுடையது இல்லை. எப்போதோ அவள் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் எடுத்து உள்பைக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் மாதத்தில் இரண்டாம் தடவை. “நீங்களும் வரவேணும்” என்றாள். “பயிற்சியாளர் கேட்டவவே?” “இல்லை. நான் கேக்கிறன்.” அன்று அவள் சோதனையில் சித்தியடைந்தாள். முதலே சொல்லிவிடுகிறேன். என் முதுகுப்பையில் பிளாஸ்டிக் பெட்டி நிறைய ரொட்டி இருந்தது, எல்லோருக்கும் கொடுத்தேன், பயிற்சியாளர் இரண்டு கேட்டு வாங்கினார். அதுவல்ல நான் சொல்ல வந்தது. சொல்ல வந்தது அன்று காலை நடந்தது.

அதே மாதிரிக் கார்கள் நிறுத்துகிற இடம். நான் கடந்தேன். கருவி பளிச்சென்று கீச்சிட்டது. என் நெஞ்சில் ஒன்றுமில்லை. இரண்டு தடவை நானே தடவிப் பார்த்திருந்தேன். ஆனாலும் அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தவில்லை. ஜெர்மனில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நடுவில் ‘அப்பா’ என்ற ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்துச் சொன்னாள்:

“ஜக்கெற்றைத் திறவுங்கள், அப்பா.”

நான் இதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். இதைத்தான் விரும்பினேன் என்றுகூட நினைத்திருந்தேன். கை ஜக்கெற்றின் சிப்புக்குப் போகிற அந்தச் சின்ன இடைவெளியில் எனக்குள் ஒன்று கிளம்பியது: ஊருக்கு முன்னால் நிற்கவைத்து, பெற்ற அப்பனைச் சட்டையைத் திற என்கிறாளே. என் குரலில்தான் கேட்டது. கோபம். ஒரு மூச்சு நேரந்தான், ஆனால் முகத்துக்கு வந்துவிட்டது. அவள் அதைக் கண்டாள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவளுடைய கண் ஒருமுறை தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்தது. கையை இறக்கவில்லை. நான் திறக்கும்வரை காத்து நின்றாள்.

திறந்தேன். மலைக்குளிர் நேரே உள்ளே வந்தது. உள்பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள், வெறுமை. வார்ப்பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். “சரி,” என்று பயிற்சியாளருக்குக் கேட்கச் சொன்னாள்.

பொய் சொன்னதற்காக நான் பட்ட வெட்கம் எப்படியோ கரைந்துவிட்டது. ரொட்டிக் கதையாகி, வீட்டில் சிரிக்கிற பகிடியாகிவிட்டது. அந்தக் கோபத்துக்காகப் படுகிற வெட்கம் கரையவில்லை. முதல் தடவை அவளைத் தோற்கவைத்தது தாள் அல்ல, அந்தக் கோபம்தான். வராமலே முன்கூட்டி அவளை நிறுத்திய கோபம். அது எனக்குள் இருக்கிறதென்று எனக்கு முதல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

விரல் விறைத்து, சிப்பைத் திரும்பப் பூட்ட எனக்கு ஏலவில்லை. அடுத்த ஆளிடம் போனவள் திரும்பி வந்தாள். அதைக் கீழிருந்து நாடிவரை இழுத்துப் பூட்டிவிட்டாள்.

“குளிரும், அப்பா,” என்றாள், இந்தத் தடவை மெல்ல.

நான் மலையைப் பார்த்தேன்.